பிராக்கெட்டுக்கு அடித்த கறுப்புப் பெயிண்ட்

2023 நவம்பர் 18, சனிக்கிழமை. காலை ஐந்தரைக்கு எழுந்தேன். ஆறு மணிக்கு மோட்டார் போட்டு, மேல்தொட்டி நிரம்பியதும் ஆறு இருபதுக்கு நிறுத்தினேன். இரண்டு பால் பாக்கெட்டுகளையும் வாசல் பையிலிருந்து எடுத்து உள்ளே வைத்தேன். ஒன்று காய்ச்சவும் ஒன்று ஃபிரிட்ஜுக்கும். கல்லூரி ஆய்வகத்தின் பொருட்கிடங்கில் எனக்கு வேலை. தீபாவளி முடிந்த அந்த வாரத்தில், மிச்சமிருந்த விடுப்பில் ஒரு நாளை எடுத்திருந்தேன். காபி குடித்துவிட்டு, வழக்கம்போல ஆறு நாற்பதுக்குக் கார் நிற்கும் இடத்துக்குப் போய், பேட்டரியில் மாட்டியிருந்த சார்ஜரைக் கழற்றக் கை நீட்டினேன். கருகிய வாசனை வந்தது. சார்ஜரின் பச்சை விளக்கு அணைந்திருந்தது. பேட்டரியில் மீட்டரை வைத்தால் 11.9 வோல்ட். இரவு எப்போதோ சார்ஜர் செத்துப்போயிருக்கிறது.

அதை அப்படியே குறித்துக்கொண்டேன். என்னிடம் காருக்கென்று இரண்டு நோட்டுகள் உண்டு. நீல நோட்டில் மின்சாரம், எஞ்சின், எண்ணெய், அளவீடுகள். பழுப்பு நோட்டில் கழுவியது, பாலிஷ் போட்டது, துரு சுரண்டியது, பெயிண்ட் அடித்தது. இரண்டையும் கலக்கக் கூடாது என்பது என் முறை. கிடங்கில் அமிலத்தையும் காரத்தையும் வேறு வேறு அலமாரியில் வைத்துப் பழகியவனுக்கு அது இயல்பாகவே வந்தது.

கார் 2004 மாடல். வெள்ளை நிறம், பெட்ரோல். ஏறத்தாழ நான்கரை ஆண்டுகளாக, ஊரடங்கு நாட்களையும் சேர்த்து, தினமும் மாலை ஏழு மணிக்கு சமையலறை ஜன்னல் வழியாக வயர் இழுத்து அதன் பேட்டரிக்கு சார்ஜ் போட்டு வந்தேன். ஓடும்போது கார் தன் பேட்டரியைத் தானே நிரப்பிக்கொள்ள வேண்டும். எஞ்சினோடு பெல்ட்டில் சுற்றும் ஆல்டர்நேட்டர் இருப்பதே அதற்குத்தான். என் காரில் அது சுற்றியது, ஆனால் பேட்டரி நிரம்பவில்லை. அதனால் நான் வீட்டிலிருந்து ஊட்டினேன்.

"பெத்த பொண்ணே சென்னைல தானா சமைச்சு சாப்பிடுது. இதுக்கு மட்டும் இன்னும் பாட்டில்ல பால் குடுத்துட்டு இருக்கீங்க" என்பாள் மனைவி. அன்று காலை செத்த சார்ஜரோடு உள்ளே போனதும், "அப்பாடா, பால் நிறுத்தியாச்சா?" என்றாள்.

எலக்ட்ரிக் கடை திறக்கப் பத்து மணியாகும். அதுவரை சும்மா இருக்க மனமில்லாமல் ஒரு ஸ்டூலைப் போட்டு, பானட்டைத் தூக்கி வைத்துவிட்டு, காரின் முன்னால் உட்கார்ந்தேன். அப்போது ஒரு மனிதரின் குரல் நினைவுக்கு வந்தது. "ஆல்டர்நேட்டர் நல்லாத்தான் குடுக்குது சார். வழில எங்கியோ சாப்டுது."

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். லிங்கராஜபுரத்தில் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு மாடிப்படியின் கீழே ஷட்டர் போட்டுக் கடை வைத்திருந்த கார் எலக்ட்ரீஷியன். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னை சார் என்பார். கார் வாங்கிய நாளிலிருந்து பதினான்கு ஆண்டுகள் அதன் வயர் எதையும் வேறு யாரும் தொட்டதில்லை. அவரிடம் மீட்டர் இருந்தது, ஆனால் அதிகம் எடுக்க மாட்டார். ஒரு சின்ன பல்பில் இரண்டு வயரைக் கட்டி வைத்திருப்பார். ஒரு முனையை இங்கே தொடுவார், மறு முனையை அங்கே தொடுவார். பல்பு எரிகிற பிரகாசத்தைப் பார்த்து, "ம்" என்பார். எனக்கு அது பிடிக்காது. பிரகாசத்தை நோட்டில் எப்படி எழுதுவது?

அவரும் எங்கள் பங்குக் கோவிலைச் சேர்ந்தவர்தான். செப்டம்பர் திருவிழாவுக்குக் கொடி ஏறும் முன்பே கோபுரம் முழுவதும் சீரியல் விளக்கு போடுவது அவர் வேலை. யாரும் கேட்டுக் கொடுத்த வேலை இல்லை, அவரே எடுத்துக்கொண்டது. ஒரு மாதம் முன்பே பல்புகளை எல்லாம் வீட்டு மொட்டை மாடியில் விரித்து, இரண்டு நாள் தொடர்ந்து எரியவிட்டு, பலவீனமானவற்றைக் களைவார். கோபுரத்தின் உச்சியிலுள்ள சிலுவைக்குத் தானே ஏறுவார். ஒன்பது நாளும் ஒரு பல்பு கெட்டாலும் அவருக்குத் தூக்கம் வராது. ஆண்டு முழுவதும் கிரீஸ் கறையோடு இருப்பவர், அந்த நாட்களில் மட்டும் இஸ்திரி போட்ட சட்டையில் மைதானத்தில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார்.

2018 டிசம்பரில் என் காரின் டேஷ்போர்டில், பேட்டரிப் படம் போட்ட சிவப்பு விளக்கு மங்கலாக எரியத் தொடங்கியது. எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் ஏறத்தாழ பதினான்கு வோல்ட் வர வேண்டும். எனக்கு 12.8 வந்தது. அவரிடம் போனேன். முதல் முறை ஆல்டர்நேட்டரின் கார்பன் பிரஷ்களை மாற்றினார். நான்கு நாள் நன்றாக இருந்தது. திரும்பவும் 12.8. இரண்டாம் முறை ஆல்டர்நேட்டரையே மாற்றினார். ஒரு வாரம். திரும்பவும் 12.8. மூன்றாம் முறை போனபோது கையைத் துணியில் துடைத்துக்கொண்டே வெகுநேரம் எஞ்சினைப் பார்த்தார்.

"ஆல்டர்நேட்டர் நல்லாத்தான் குடுக்குது சார். வழில எங்கியோ சாப்டுது. ஒரு நாள் வண்டிய வுட்டுட்டுப் போங்க, எர்த்து எல்லாம் பொறுமையா பாக்கறேன்."

"நான் இங்கயே நிக்கறேன், பாருங்கண்ணே."

"நீங்க நோட்டோட நின்னா எனக்குக் கை ஓடாது சார். ஆபரேசன் பண்றப்ப டாக்டர் பக்கத்துல பேஷண்டோட மச்சான் நிக்கறா மாதிரி கீது."

நான் சிரிக்கவில்லை. காரை எங்கும் விட்டுவிட்டு வருவது என் வழக்கமில்லை. எந்த ஸ்க்ரூ கழன்றது, எது மாட்டப்பட்டது என்று நோட்டில் இருக்க வேண்டும். அவர் இன்னொன்றும் கேட்டார்.

"வண்டில நீங்க எதுலனா கை வெச்சீங்களா சார்?"

"வயரிங்ல நான் கை வெச்சதே இல்ல" என்றேன்.

அது உண்மை. அந்த உண்மையை இத்தனை ஆண்டு கழித்து எழுதும்போது கை கூசுகிறது.

2019 மார்ச்சில் மகளுக்குப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு. கணிதத் தேர்வன்று காலை அவளை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். மேம்பாலத்தின் இறக்கத்தில் வண்டி நின்றது. சாவியைத் திருப்பினால் டிக் டிக் என்று சத்தம் மட்டும். பின்னால் இரு சக்கர வண்டிகள் ஹாரன் அடித்தன. மகள் என்னை ஒரு முறை பார்த்தாள், தேர்வு அட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கினாள்.

"நீ வண்டியப் பாருப்பா, நான் ஆட்டோல போய்க்கறேன்."

மணி அடிக்கப் பதினோரு நிமிடம் இருக்கும்போது உள்ளே போய்விட்டாள். தேர்வை நன்றாகவே எழுதினாள். ஆனால் தெரு நடுவில் பானட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்ற அந்தப் பொழுதில் எனக்குள் எழுந்த கோபத்துக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது.

அடுத்த ஞாயிறன்று, முதல் பூசை முடிந்து ஆண்கள் வெளியே வந்து, கோவில் வளாகத்தில் சைக்கிள் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் பேசிக்கொண்டிருந்தோம். கார் எப்படி இருக்கிறது என்று ஒருவர் கேட்டார். ஆறு பேர் இருந்தார்கள். நான் சொன்னேன்: "பழைய ஆல்டர்நேட்டருக்குப் பெயிண்ட் அடிச்சு, புதுசுன்னு மாட்டி ஏமாத்திட்டான்."

பதினான்கு ஆண்டுகள் அண்ணே என்று அழைத்தவரை அன்றுதான் முதன்முறையாக அவன் என்றேன்.

"அவரா? சேச்சே, அப்படிப்பட்ட ஆள் இல்லியே" என்றார், திருவிழாக் குழுவின் செயலாளராக இருந்த பெரியவர். நான் வீட்டுக்குப் போய் நீல நோட்டை எடுத்து வந்து காட்டினேன். தேதி, நேரம், வோல்ட் என்று மூன்று பத்திகள், அடிக்கோடு, சிவப்பு மையில் குறைந்த எண்கள். பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு பக்கம் புரட்டினார்.

"இவ்ளோ கரெக்டா எழுதி வெச்சிருக்கீங்களே" என்றார். அந்த ஒரு வாக்கியத்தோடு வழக்கு முடிந்துவிட்டது. ஒரு பக்கம் நோட்டு, மறு பக்கம் எதையுமே எழுதி வைக்காத ஒரு மனிதர். அழகான கையெழுத்துக்கு இவ்வளவு பலம் உண்டு என்று அன்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

மறுநாள் மாலை அவர் எங்கள் கேட்டுக்கு வெளியே வந்து நின்றார். உள்ளே வாருங்கள் என்று நான் சொல்லவில்லை.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே சார்" என்றார்.

நான் நோட்டை நீட்டினேன். அவர் அதை வாங்கவில்லை. "அதுல இருக்கிற நம்பர் எல்லாம் கரெக்டாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்.

அந்த ஆண்டுத் திருவிழாவுக்கு விளக்கு போடும் வேலையைக் குழு ஒரு கான்ட்ராக்டருக்குக் கொடுத்தது. ஒன்பது நாளில் ஒரு நாளும் அவரை மைதானத்தில் பார்க்கவில்லை. வேறு கோவிலில் பூசை காண்கிறார் என்று யாரோ சொன்னார்கள். அடுத்த ஆண்டு கொரோனா வந்தது, மாடிப்படியின் கீழிருந்த ஷட்டர் மூடியது. இப்போது அங்கே மொபைல் கவர் விற்கிறார்கள். கடை போனதற்கு நான்தான் காரணம் என்று சொல்ல முடியாது. அந்த நாட்களில் எத்தனையோ கடைகள் போயின. ஆனால் விளக்குப் போடும் வேலை என்னால்தான் போயிற்று. ஊரடங்குக்கு முன்பே, எல்லாக் கடையும் திறந்திருந்தபோதே போயிற்று.

இதில் இன்னொன்றையும் மறைக்காமல் எழுத வேண்டும். அதே 2019 மே மாதம் காரை ஒரு பெரிய பணிமனைக்குக் கொண்டுபோனேன். அவர்கள் பெட்டி பிரித்து, என் கண் முன்னால் மூன்றாவது ஆல்டர்நேட்டரை மாட்டினார்கள். பத்தாம் நாள் 12.8. பெட்டியிலிருந்து எடுத்த பொருளும் அதே எண்ணைக் காட்டுகிறதென்றால், அண்ணன் மாட்டியது பழைய பொருள் என்பதற்கு என்னிடம் என்ன ஆதாரம் மிச்சம்? ஒன்றுமில்லை. அது அன்றே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நீல நோட்டில் "மூன்றாவது. 12.8" என்று எழுதி, அடுத்த வரியில் "வண்டிக்கு வயதாகிவிட்டது" என்று எழுதி, சார்ஜர் வாங்கிவிட்டேன். சைக்கிள் நிறுத்தத்துக்குத் திரும்பிப் போய், நான் சொன்னது தவறாக இருக்கலாம் என்று சொல்லவில்லை. சார்ஜர் அந்தக் கேள்வியைத் தினமும் மாலை ஏழு மணிக்கு மூடி வைத்தது.

இந்த சனிக்கிழமை அது செத்துவிட்டது. ஸ்டூலில் உட்கார்ந்து, அவர் சொன்ன வாக்கியத்தை முதல் முறையாக ஒரு சாக்காக அல்லாமல், ஒரு தகவலாக யோசித்துப் பார்த்தேன். வழியில் சாப்பிடுகிறது என்றால், எந்த வழி? ஆல்டர்நேட்டரிலிருந்து பேட்டரிக்குப் போக ஒரு தடித்த வயர் இருக்கிறது. அது போகும் வழி. திரும்பி வரும் வழிக்கு வயர் கிடையாது. ஆல்டர்நேட்டரின் உலோக உடம்பு, அதைத் தாங்கும் பிராக்கெட், பிராக்கெட் மாட்டியிருக்கும் எஞ்சின், எஞ்சினிலிருந்து பேட்டரியின் நெகட்டிவ். உலோகத்தோடு உலோகம் தொட்டுக்கொண்டிருப்பதே வழி. எலக்ட்ரீஷியன்கள் எர்த் என்பது அதைத்தான். இத்தனை ஆண்டும் நான் மீட்டரை வைத்ததெல்லாம் பேட்டரியின் இரண்டு முனைகளில் மட்டும். ஒரே இடத்தில் எழுநூறு முறை அளந்திருக்கிறேன்.

மூன்றாவது முயற்சியில் எஞ்சின் பிடித்தது. பேட்டரியில் 12.5. மீட்டரின் சிவப்பு முனையை, அந்தத் தடித்த வயர் புறப்படும் ஆல்டர்நேட்டரின் போல்ட்டிலும், கறுப்பு முனையை அதன் உடம்பிலும் வைத்தேன். 14.1. ஆல்டர்நேட்டர் நன்றாகத்தான் கொடுத்துக்கொண்டிருந்தது. போகும் வழியில் வயரின் இரு முனைகளுக்கு நடுவே அளந்தேன், 0.1. கடைசியாக ஒரு முனையை ஆல்டர்நேட்டரின் உடம்பிலும், மறு முனையை பேட்டரியின் நெகட்டிவிலும் வைத்தேன். அங்கே ஒன்றுமே காட்டக் கூடாது. 1.5 காட்டியது.

பன்னிரண்டரையும் ஒன்றரையும் பத்தில் ஒன்றும் கூட்டினால் பதினான்கு புள்ளி ஒன்று. ஒரு துளி மிச்சமில்லை. என் நோட்டில் இவ்வளவு அழகாகப் பொருந்திய கூட்டல் வேறில்லை.

எஞ்சினை நிறுத்தினேன். குனிந்து பார்த்தேன். அழுக்கும் எண்ணெயும் படிந்த எஞ்சினில், ஆல்டர்நேட்டரைத் தாங்கும் பிராக்கெட் மட்டும் கறுப்பாக, வழுவழுவென்று இருந்தது. போல்ட்டைக் கழற்றினேன். வாஷர் உட்காரும் இடத்திலும் கறுப்பு. எஞ்சினைத் தொடும் பின்புறத்திலும் கறுப்பு. துளைக்குள் போல்ட்டின் மரை உரசிய சில கோடுகளில் மட்டும் பெயிண்ட் கிழிந்து, அந்தக் கோடுகளிலும் துரு ஏறியிருந்தது. ஒவ்வொரு முறை ஆல்டர்நேட்டரை மாற்றும்போதும் போல்ட் புதிதாக உரசி, சில நாளுக்கு வழி திறந்திருக்கிறது. பிறகு துரு அதை மூடியிருக்கிறது. நான்கு நாள், ஒரு வாரம், பத்து நாள்.

அந்தப் பெயிண்ட் யார் அடித்தது என்று எனக்குத் தெரிந்தது. ஆனாலும் உள்ளே போய், அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து பழுப்பு நோட்டை எடுத்தேன். 2018 அக்டோபர் 7, ஞாயிறு: "பெல்ட் மாற்றியபோது ஆல்டர்நேட்டர் பிராக்கெட்டையும் கழற்றினேன். மழையில் துரு. சுரண்டி, பிரைமர் ஒரு கோட், கறுப்பு எனாமல் இரண்டு கோட். துளைகளுக்குள்ளும் விடவில்லை. மிக நன்றாக வந்திருக்கிறது."

நீல நோட்டில் முதன்முதலாக 12.8 பதிவான தேதி டிசம்பர் 9. சரியாக ஒன்பது வாரம். இரண்டு வரிகளும் ஒரே நோட்டில் அடுத்தடுத்த பக்கங்களில் இருந்திருந்தால், நானே பார்த்திருப்பேன். கோவிலில் அந்த நோட்டைப் புரட்டிய பெரியவர்கூடப் பார்த்திருப்பார்.

உப்புத்தாளால் பிராக்கெட்டின் இரு புறமும், எஞ்சினில் அது உட்காரும் இடத்திலும், துளைகளுக்குள்ளும் வெள்ளை உலோகம் தெரியும்வரை தேய்த்தேன். திரும்ப மாட்டியபோது மணி ஒன்று பத்து. பேட்டரியில் 13.9. ஹெட்லைட்டைப் போட்டாலும் 13.7. சிவப்பு விளக்கு அணைந்துவிட்டது.

"சரியாயிடுச்சா? அப்ப ஏன் மூஞ்சி இப்டி இருக்கு?" என்றாள் மனைவி.

சொன்னேன். கரண்டியை அடுப்பு மேடையில் வைத்துவிட்டுக் கேட்டாள்.

"அவரு சம்சாரம் மார்க்கெட்ல பாத்தா இப்பவும் நின்னு பேசுவாங்க. பொண்ணு எப்டி இருக்கான்னு கேப்பாங்க. இதப் பத்தி ஒரு வார்த்தை சொன்னதில்ல" என்றாள். பிறகு, "இப்ப அத்திபெலேல கடை வெச்சிருக்காரு. டோல் தாண்டி ஒரு டயர் கடை, அதுக்குப் பக்கத்துல" என்றாள்.

"உனக்குத் தெரியுமா?"

"நீங்க கேக்கலியே. போய்ட்டு வாங்க. அந்த நோட்டத் தூக்கிட்டுப் போவாதீங்க."

நான் பழுப்பு நோட்டை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

ஓசூர் சாலையில் ஒன்றே முக்கால் மணி நேரம். வழியெல்லாம் வண்டி நன்றாக ஓடியது. நன்றாக ஓட ஓட எனக்குள் பாரம் கூடியது. டயர் கடைக்குப் பக்கத்தில் தகரக் கூரை. ஒரு லாரியின் முன் பம்பரில் ஏறி நின்று, ஹெட்லைட்டுக்குள் கையை விட்டுக்கொண்டிருந்தார். முடி முழுக்க நரைத்து, கழுத்தில் கயிறு கட்டிய கண்ணாடி தொங்கியது. தோளில் அதே பல்பு, அதே இரண்டு வயர்.

"ஆயித்தா அண்ணா?" என்று, வேலை முடிந்ததா எனக் கேட்டான் கீழே நின்ற டிரைவர்.

"ஹத்து நிமிஷா. கூத்கோ" என்று கன்னடத்தில் பத்து நிமிடம் உட்காரச் சொல்லிவிட்டுத் திரும்பியவர், என்னைப் பார்த்தார். அடையாளம் தெரிந்துகொள்ள நேரமாகவில்லை.

"இன்னா சார். வண்டி ஓடுதா?"

"ஓடுதுண்ணே. இன்னிக்குத்தான் சரியாச்சு." அதற்கு மேல் எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் நோட்டைத் திறந்து அந்த வரியைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு மெதுவாகப் படித்தார். இந்த முறை நோட்டை வாங்கிக்கொண்டார். பிறகு பம்பரிலிருந்து இறங்கி, என் காரின் பானட்டைத் தூக்கி, பிராக்கெட்டை விரலால் தடவினார்.

"தொளைக்குள்ளயுமா அடிச்சீங்க?"

"அடிச்சேன்."

"ரெண்டு கோட்டு?"

"பிரைமர் ஒண்ணு, எனாமல் ரெண்டு."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கரண்டு இன்னா பண்ணும் பாவம். கதவ சாத்தி, மூணு தாப்பா போட்டு வுட்டுட்டீங்களே!" சிரித்து முடித்ததும் கையைத் துணியில் துடைத்தார். "நானும் அந்த பிராக்கெட்ட அன்னிக்கே கழட்டிப் பாத்திருக்கணும். புச்சா பெயிண்ட் இருக்கேன்னு பாத்தேன். நீங்க நோட்டோட நின்னுகினு இருந்தீங்க. எரிச்சல்ல ஆல்டர்நேட்டர மட்டும் மாட்டி அனுப்பிட்டேன். அது என் தப்பு."

"உங்க தப்பு ஒண்ணுமில்லண்ணே. கை வெச்சீங்களான்னு கேட்டீங்க. நான் இல்லன்னு சொன்னேன். கோவில்ல அப்படிப் பேசியிருக்கக் கூடாது. என்னை மன்னிச்சிடுங்க."

அவர் பானட்டை மெல்ல இறக்கி மூடினார்.

"இத எனக்குச் சொல்றதுக்கா இவ்ளோ தூரம் வந்தீங்க? நான் பழசப் போடலன்னு எனக்கு அன்னிக்கே தெரியுமே சார். தெரியாதவங்களுக்கு இல்ல சொல்லணும்."

கோபமாகச் சொல்லவில்லை. எந்த ஸ்பானர் வேண்டும் என்று சொல்வதைப் போலச் சொன்னார். டயர் கடைக்காரரிடம் சொல்லி இரண்டு டீ வரவழைத்தார். குடிக்கும்போது சாலையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"இந்த வருசம் சிலுவைக்கு லைட்டு போட்டாங்களா?"

"போட்டாங்க. எல்.இ.டி."

"ஒம்போது நாளும் எரிஞ்சுதா?"

பொய் சொல்லியிருக்கலாம். "அஞ்சாம் நாள்ல இருந்து எடது கை எரியல" என்றேன்.

டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். "அங்க சிமெண்ட் பூச்சுல ஒரு வெடிப்பு இருக்குது. மழைத் தண்ணி அது வழியாத்தான் எறங்கும். ஜாயிண்ட அந்தப் பக்கம் வெக்கக் கூடாது. யாரும் சொல்லல போல." பிறகு லாரி டிரைவர் எழுந்து வர, அவர் மறுபடி பம்பரில் ஏறினார்.

"அடுத்த வருசம் வருவீங்களாண்ணே?" என்றேன்.

"மொதல்ல நீங்க வீடு போய்ச் சேருங்க சார். லைட்ட போட்டுகினு போங்க, இருட்டப் போவுது."

ஹெட்லைட்டைப் போட்டேன். வெளிச்சம் சாலையில் வெள்ளையாக, நீளமாக விழுந்தது. இத்தனை ஆண்டு மங்கலான வெளிச்சத்தில் ஓட்டிப் பழகி, இது எவ்வளவு தூரம் போகும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

வீட்டுக்கு வந்து, அன்று சைக்கிள் நிறுத்தத்தில் நின்ற ஆறு பேரையும் ஒரு தாளில் எழுதினேன். இரண்டு பேர் கொரோனாவின் இரண்டாம் அலையில் இறந்துவிட்டார்கள். ஒருவர் மகனோடு கோயம்புத்தூருக்குப் போய்விட்டார், விலாசம் தெரியாது. அவர்கள் மூவரும் அந்த எலக்ட்ரீஷியன் ஏமாற்றுக்காரர் என்ற நினைப்போடே போனார்கள். அந்த ஆறு பேர் வேறு எத்தனை பேரிடம் சொன்னார்கள் என்பதற்கு எந்த நோட்டிலும் பதிவு இல்லை. மிச்சம் மூன்று பேருக்கு நேராக மட்டும், சொல்லி முடித்ததும் டிக் போட ஒரு சின்னக் கட்டம் போட்டேன்.

19ஆம் தேதி, ஞாயிறு, ஐந்து பத்துக்கு எழுந்தேன். மோட்டார் போடவில்லை. பேட்டரியை அளக்கவில்லை. பழுப்பு நோட்டை எடுத்துக்கொண்டு நடந்தே போய், முதல் பூசைக்கு அரை மணி முன்னால் சைக்கிள் நிறுத்தத்துக்குப் பக்கத்தில், அன்று நின்ற அதே இடத்தில் நின்றேன். முதலில் வந்தவர் திருவிழாக் குழுவின் பழைய செயலாளர், கைத்தடியோடு. வணக்கம் சொல்லிவிட்டு, நம் எலக்ட்ரீஷியனைப் பற்றி அன்று நான் சொன்னது பொய் என்றேன்.

"எந்த எலக்ட்ரீஷியன்?" என்றார்.

அவருக்கு ஆளே நினைவில்லை. ஏமாற்றினார் என்று நான் சொன்னதும் நினைவில்லை, கோபுரத்தில் அத்தனை ஆண்டு விளக்கு போட்டவர் என்பதும் நினைவில்லை. அவர் கையைப் பிடித்துப் படிக்கட்டில் உட்காரவைத்து, நானும் பக்கத்தில் உட்கார்ந்து, கோபுரத்தின் உச்சியைக் காட்டி, முதலில் அந்த விளக்குகளிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.